ஒரு கையால் செய்கிற வேலை

கப்பலை விட்டு இறங்கியதும் எங்களை ஊருக்குள் விட்டுவிடவில்லை. டெக்கில் வந்தவர்களை எல்லாம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு முகாமில் வைத்திருந்து, கண்ணையும் நாக்கையும் பார்த்து, துணிமணிகளை ஆவியில் வேகவைத்துத் தந்த பிறகுதான் வெளியே அனுப்பினார்கள். என் வெள்ளைப் புடவை இரண்டும் சுருங்கி, ஈரமூட்டை நாற்றத்தோடு திரும்பி வந்தன. மூன்று வருஷம் கழித்து மகன் முகத்தில் விழிக்க அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் இறங்கிய அதே துறையில் ஏறுவதற்கு ஒரு பெருங்கூட்டம் காத்திருந்தது. ரப்பர் விலை விழுந்துபோனதால் தோட்டங்களில் ஆளைக் குறைத்து ஊருக்கு அனுப்புகிறார்களாம். தகரப் பெட்டியும் பாயும் பிள்ளைகளுமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "எல்லாரும் போற நேரத்துல நீ எங்கம்மா வர்றே?" என்று கேட்டாள். மகனைக் கூட்டிப்போக வந்தேன் என்று முன்பின் தெரியாதவளிடம் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தேன்.

வந்த காரியம் அதுதான். என் கடைசி மகன் தங்கவேலு கோலாலம்பூரில் ரயில்வே தந்தி ஆபீசில் வேலை பழகுகிறவனாகச் சேர்ந்தான். ஆள் குறைத்தபோது அவனையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு காற்றிலே பாட்டையும் பேச்சையும் அனுப்புகிற வயர்லெஸ் கொட்டகையில் வேலை என்று எழுதினான். எனக்குப் புரியவில்லை. வேலை என்றானே, அது போதும் என்று இருந்தேன். எட்டு மாதம் கழித்து, அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடமிருந்து என் அண்ணனுக்குக் கடிதம் வந்தது. மின்சாரம் அடித்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், இப்போது தேவலை என்று இருந்தது. அவன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அண்ணன் நாகப்பட்டினத்தில் ஒரு அரிசி மில்லில் அவனுக்கு இடம் பேசி வைத்துவிட்டு, "நீயே போய்க் கூட்டிக்கிட்டு வா. நீ கூப்பிட்டா மாட்டேங்க மாட்டான்" என்றார். பக்கத்து ஊருக்குத் தனியாகப் போகாத நான் கடல் தாண்டியது அப்படித்தான்.

தங்கவேலு துறைமுகத்துக்கு வந்திருந்தான். இளைத்திருந்தான். அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பித்தான் பூட்டியிருந்தான். கிள்ளானில் ரயில் மாற வேண்டும். அது வர நேரமாகும் என்றதால் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் தோசை வாங்கித் தந்தான். தோசைக்கு மீன் குழம்பு ஊற்றினார்கள். காலையிலேயே மீனா என்று நினைத்தேன், ஆனால் நன்றாகத்தான் இருந்தது. காப்பியில் டின் பால் விடுகிறார்கள். நம்மூர்க் காப்பிக்கு மேலே நுரை நிற்கும், இங்கே அடியில் பால் கெட்டியாகப் படுத்திருக்கிறது. கலக்காமல் குடித்துவிட்டுக் கசக்கிறது என்றேன். கடைக்காரர் சிரித்தார்.

அவன் சாப்பிடும்போது இடது கை மேஜைக்கு மேலே வரவேயில்லை.

"காப்பு எங்கேடா?" என்று கேட்டேன். அவன் கப்பலேறிய மறு வருஷம், முருகன் சன்னதியில் நாற்பத்தெட்டு நாள் வைத்துப் பூஜை செய்த செம்புக் காப்பு ஒன்றை அனுப்பியிருந்தேன். எந்த நேரமும் கையில் இருக்க வேண்டும், குளிக்கும்போதும் கழற்றக் கூடாது என்று கடிதம் எழுதிச் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"பத்திரமா இருக்கும்மா" என்றான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் எஞ்சின் ஃபயர்மேன் ராஜுவும் அவர் மனைவி பாக்கியமும் இருந்தார்கள். கடிதம் எழுதியது இந்த ராஜுதான். அவர்கள் வீட்டின் முன்னறை என் மகனுக்கு. சுவரெல்லாம் புகை படிந்திருக்கும். விடியற்காலையில் பட்டறைச் சங்கு ஊதும்போது வீடே அதிரும். பாக்கியம் இந்த நாட்டிலேயே பிறந்தவள். நாலு வார்த்தையில் ஒன்று மலாய் வார்த்தை. நெத்திலிக் கருவாட்டை மிளகாயோடு அரைத்து வதக்கி எனக்குச் சோற்றோடு வைத்தாள்.

"ஒங்க மகன் வீட்டுல வாயே தெறக்க மாட்டார் பெரியம்மா. ஆனா அங்க மேட்டுல, வயர்லெஸ் கொட்டகையில, மைக்குக்கு முன்னால நின்னுக்கிட்டு ஒன் டூ த்ரீன்னு மணிக்கணக்கா பேசுவாராம்லா. கேக்குறதுக்கு ஒரு ஆளும் இல்ல!"

தங்கவேலு சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

வேலை எப்படி ஆரம்பித்தது என்று பாக்கியம்தான் எனக்குச் சொன்னாள். வயர்லெஸ் பைத்தியம் பிடித்த சில துரைமார் ஒரு சங்கம் சேர்ந்து, ஊருக்குத் தெற்கே ஒரு மேட்டில் கொட்டகை போட்டு, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலத்தில் பாட்டு அனுப்புகிறார்கள். பேட்டரி சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோகத்தான் இவனை முதலில் எடுத்தார்கள். அதிலிருந்து வழியும் திராவகத்தில் இரண்டு வேட்டி ஓட்டையாகிவிட்டது. பிறகு கம்பி பற்றவைக்கக் கற்றுக்கொண்டான். பிறகு பாட்டை அனுப்புகிற பெட்டிக்குள் கண்ணாடிக் குழல் மாற்றுகிற வேலை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. துரைக்கே தெரியாது, அவரும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பார்ப்பாராம். எதையாவது தப்பாகச் செய்து, அது கெட்டுப்போய், ஏன் கெட்டது என்று பார்த்துத்தான் எல்லாரும் படித்திருக்கிறார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் தங்கவேலுவும் பாக்கியமும் பத்துமலைக்குப் போனோம். ஏழு பேர் உட்காருகிற சின்ன பஸ், கொசு பஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பதினோரு பேர் இருந்தோம். பாதி வழியில் சேற்றில் சக்கரம் புதைந்துவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். நானும் இறங்கப் போனேன். பக்கத்திலிருந்த மலாய்க்காரர் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்னவென்று பாக்கியத்தைக் கேட்டேன். "பாட்டி இறங்க வேணாம், பாட்டி இருந்தாலும் இல்லாட்டியும் பஸ்ஸுக்குத் தெரியாதுங்கிறாரு" என்றாள். அந்த மனிதர் சட்டையெல்லாம் சேறாகித் தள்ளிவிட்டு, மறுபடியும் ஏறி, என் கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

குகைக்கு மரப்படிகள் கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கோயில்களில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போவோம். இங்கே மலையே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பேச்சுக்குரல் எல்லாம் பெரிதாகிக் கேட்டது. அதனால் நான் வாய்க்குள்ளேயே கும்பிட்டேன்.

அர்ச்சகர் திருநீறு கொடுத்தபோது தங்கவேலு இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி வாங்கினான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சாமி பிரசாதத்தை ஒரு கையால் வாங்குகிற பிள்ளையையா வளர்த்தேன்? படியிறங்கும்போது, "இந்த ஊர் மரியாதை இதானா? துரைக்குக் கை குடுக்கிற மாதிரி ஒத்தைக் கையை நீட்டறே" என்றேன்.

"வேலைப் பழக்கம்மா. பெட்டிக்குள்ள ஒரு கைதான் போகணும். ரெண்டு கையும் போனா கரண்ட் ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கையில இறங்கும். அதனால எப்பவும் ஒரு கை பின்னாலேயே நிக்குது. என்னை அறியாம வந்துடுது."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. நெஞ்சு வழியாக என்கிறானே. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "இந்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கப்பல். என்னோட வந்துடு. மாமா மில்லுல இடம் பேசியிருக்காரு."

அவன் எனக்கு ஒரு படி கீழே நின்றான். "இந்த வெள்ளிக்கிழமை வந்து நான் என்ன செய்றேன்னு பாரு. பார்த்துட்டு நீ என்ன சொல்றியோ அப்படியே செய்றேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போய்விட்டான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் சைக்கிள் கடையில் ரேடியோப் பெட்டி இருக்கிறது. பாக்கியம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று இருபது பேர் நின்றார்கள். ஆறரை மணிக்குப் பெட்டி கரகரத்து, ஏதோ வெள்ளைக்காரப் பாட்டு வந்தது. இது என் மகன் இருக்கிற இடத்திலிருந்து வருகிறது என்று நினைத்தால் நம்ப முடியவில்லை. எனக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது நிற்கக்கூடாது என்றிருந்தது.

நின்றுவிட்டது. பாதிப் பாட்டில் சட்டென்று நின்று, வெறும் இரைச்சல் வந்தது. "செத்துப்போச்சு" என்று ஒருவர் சொல்லிவிட்டு நகர்ந்தார். சீனர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். எனக்குத் தெரியும், கெட்டுப்போனது இந்தப் பெட்டி அல்ல. அங்கே இப்போது தங்கவேலு உள்ளே கையை விட்டிருக்கிறான். பாக்கியமும் அது தெரிந்துதான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் பாட்டு விட்ட இடத்திலிருந்து இல்லாமல் முதலிலிருந்து வந்தது. கடைக்காரர் எனக்கு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தவனை, "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒரு குழல் போச்சு, மாத்தினேன்" என்றான். சோறு போடச் சொன்னான்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவன் திருப்திக்குப் போய்ப் பார்ப்பது, பார்த்துவிட்டு ஊருக்கு வாடா என்று சொல்வது.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மேட்டுக்குப் போனோம். பலகைச் சுவர், தகரக் கூரை. இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவே ஒரு கம்பி, அவ்வளவுதான். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. அவனோடு வேலை செய்கிற கந்தையா என்பவர் எனக்கு நாற்காலி போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, இங்கே வருவது ஆசைக்காக. "இருங்கோ அம்மா, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். தங்கவேலு, "இந்த அறையிலேயே இரும்மா, உள்ள வராதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பாடுவதற்கு வந்தாள். தரை புரளும் பட்டுக் கவுன். கூட இரண்டு துரைமார். இருந்தது நாலே நாற்காலி. நான் எழுந்து சுவரோரம் நின்றேன். அவர்கள் என்னைப் பார்ப்பதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. அதற்குள் போய்விட்டேன்.

அது சாமான் அறை. ஒரு பெஞ்சி, கம்பிச் சுருள்கள், ஈயம் உருகிய நாற்றம். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக இங்கிலீஷில் எழுதியிருந்தது. கடைசி வரி மட்டும் தமிழில். நான் மூன்றாவது வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அது என் மகன் எழுத்து. "காப்பு, மோதிரம், கடிகாரம் எதுவானாலும் கழற்றி இந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகவும்." பேட்டரி சுமக்கிறவர்கள் தமிழர்கள் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறான்.

கீழே ஆணியில் ஒரு காப்பு தொங்கியது. அதில் ஒரு பக்கம் பாதி கனத்துக்கு உருகி ஓடிப்போயிருந்தது. எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரியில் வெட்டியிருக்கிறார்கள். முருகன் வேல் பொறித்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

கம்பி எடுக்க உள்ளே வந்த கந்தையா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, இது நான் அனுப்பினது" என்றேன்.

"தங்கவேலு உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவன் அம்மா."

"நீங்க சொல்லுங்க."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். "அவன் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுத்தான் கை வைச்சவன். ஆனால் நிப்பாட்டின பிறகும் பெட்டிக்குள்ளை கரண்ட் தேங்கி நிக்கும். மதகை மூடினாலும் வாய்க்காலிலை தண்ணி நிக்கிற மாதிரி. அது எங்களுக்கு அப்ப வடிவா, முழுசாத் தெரியாது. காப்பு ரெண்டு கம்பி முனையிலையும் முட்டிப்போட்டுது. ஒரு நெருப்பு. காப்பு சிவந்து கையோடை ஒட்டிக்கொண்டுது. கழட்ட ஏலேல்லை."

"கழட்டி வச்சிட்டுப் போகக் கூடாதா?"

"நான் கேட்டனான் அம்மா, அதுக்கு முதலே. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினது, கழட்ட மாட்டன் எண்டவன்."

நான் பெஞ்சியில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் பாட ஆரம்பித்திருந்தாள். கந்தையா ஒரு மரக்கம்பை எடுத்துக் காட்டினார். நுனியில் செம்புக் கொக்கி, அதிலிருந்து ஒரு கம்பி தரைக்குள் போகிறது. "இப்ப இதாலை தொட்டு, தேங்கினதை நிலத்துக்கு இறக்கிப்போட்டுத்தான் கை வைப்பம். இது அவன் செய்தது. ஆஸ்பத்திரியாலை வந்த அடுத்த நாள் செய்தவன். இனி வாற ஆருக்கும் அப்பிடி நடவாது."

"நான் பார்த்தேன்னு அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

கதவிடுக்கில் முன்னறையும் அதைத் தாண்டி அவனுடைய பெட்டி அறையும் தெரிந்தன. பாட்டு முடிந்து, ஒரு துரை மைக்கை மூடினார். தங்கவேலு சுவிச்சை நிறுத்தினான். கம்பை எடுத்து ஒரு இடத்தில் தொட்டான், இன்னொரு இடத்தில் தொட்டான், மறுபடியும் முதல் இடத்தில் தொட்டான். அவசரம் இல்லை. துரைமார் காத்திருந்தார்கள். இடது கை பின்னால் போய் அவன் சட்டையையே பிடித்துக்கொண்டது. சட்டைக் கை கொஞ்சம் மேலேறியதில் மணிக்கட்டைச் சுற்றிக் காப்பு அகலத்துக்கு ஒரு வடு தெரிந்தது. இரண்டு விரல் மடங்கவில்லை. வலது கை மட்டும் உள்ளே போய், ஒரு கண்ணாடிக் குழலோடு வெளியே வந்தது. இப்படி வேலை செய்யும் மனிதர்களை நான் கோயில் கருவறையில்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில், "பார்த்தியாம்மா?" என்று கேட்டான். "பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது? உன் கையைச் சுட்டது நான்தான் என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

நான் பேசாமல் இருந்ததை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். திங்கட்கிழமை காலையில், "துரைகிட்ட சொல்லிட்டேம்மா. செவ்வாயோட நிறுத்திக்கிறேன். வெள்ளிக்கிழமை உன்னோட வர்றேன்" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. பாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் கேட்டது நடந்துவிட்டது. தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலேறினோம். வழியனுப்பக் கந்தையாவும் லீவு போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒருமுறை கந்தையா, "இண்டைக்கு நான் தனியத்தான்" என்றார். "கம்பை மறந்துடாதீங்க" என்றான் தங்கவேலு. "அந்த வலது பக்கக் குழல் இன்னிக்குப் போனாலும் போகும். மாத்துறதுக்கு முன்னால மூணு தடவை தொடுங்க. ரெண்டு தடவை போதாது."

கிள்ளானில் வண்டி மாறி ஏறி உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

"அது எங்கடா போகுது?" என்றேன்.

"கோலாலம்பூருக்கு."

"இறங்கு."

"என்னம்மா?"

"இறங்கி அதுல ஏறு. துரைகிட்டப் போய் அம்மா ஊருக்கு வர வேணாம்னுட்டாங்கன்னு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான், கந்தையாவைப் பார்த்தான். கந்தையா மேலே சாமான் பலகையைப் பார்த்தார்.

"அது காப்பால இல்லம்மா. என் கவனக்குறைவு" என்றான்.

"ஒரு தடவை என்னால உன் கை போச்சு. இன்னொரு தடவை என்னால உன் வேலை போக வேணாம். வண்டி கிளம்பிடும், போ."

வண்டியில் எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல். தங்கவேலு என் காலைத் தொட்டுவிட்டு இறங்கினான். அவன் பெட்டியைக் கந்தையா சன்னல் வழியாகக் கொடுத்தார். அவன் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி அந்த வண்டியில் ஏறுவதற்குள் எங்கள் வண்டி நகர்ந்துவிட்டது. அவனுக்கு இடம் கிடைத்ததா என்று பார்க்க முடியவில்லை. கந்தையா துறைமுகம் வரை வந்து, என்னை டெக்கில் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, அடுத்த ரயிலுக்கு ஓடினார்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தது. சோறு போட்டார்கள். வாங்கி மூடிவைத்தேன். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் தோட்டத்திலிருந்து திரும்புகிறவர்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்கள். மணி கேட்டேன், ஆறரை என்றார்கள், மேட்டில் பாட்டு ஆரம்பிக்கிற நேரம். எட்டரை தாண்டும் வரை காத்திருந்து, வேலை முடிந்து அவன் வெளியே வந்திருப்பான் என்று நானாகச் சொல்லிக்கொண்டு, அப்புறம்தான் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்து அண்ணனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தங்கவேலு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறான், இப்போது கையைப் பற்றியும் எழுதுகிறான். அங்கே ஆறரை என்றால் இங்கே ஐந்து மணி என்று கந்தையா சொல்லியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முருகனுக்கு விரதம் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.